விதைநெல்லைத் தின்னாமல் வளர முடியுமா? உலகப் புவியியலில் வளங்குன்றா வளர்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக வரைபடத்தை விரித்துவைத்து இந்தப் பாடத்தைப் பேசத் தொடங்கினால் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நான்கு வரி போதும். சிலவற்றுக்கு ஓர் ஏரியின் கதையை முழுதாகச் சொல்லியாக வேண்டும்.

நிலையான வளர்ச்சி, நீடித்த வளர்ச்சி, வளங்குன்றா வளர்ச்சி: மூன்றும் ஒன்றா?

ஒன்றுதான். ஒரே கருத்துக்கு வெவ்வேறு மொழிபெயர்ப்பாளர்கள் வைத்த பெயர்கள். எனக்குப் பிடித்தது மூன்றாவது. 'நிலையான வளர்ச்சி' என்றால் லாபம் ஆண்டுதோறும் தவறாமல் ஏறுவதுபோலத் தொனிக்கிறது; முதலீட்டு விளம்பரங்களுக்குப் பொருத்தமான சொல் அது. 'வளங்குன்றா' என்பதில் நிபந்தனை சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது: வளரலாம், ஆனால் வளம் குன்றக்கூடாது.

நார்வேயின் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் தலைமையில் ஐ.நா. அமைத்த ஆணையம் 1987இல் தந்த விளக்கத்தைத்தான் இன்றும் எல்லோரும் எடுத்தாளுகிறார்கள். வருங்காலத் தலைமுறையினர் தங்கள் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் திறனைக் கெடுத்துவிடாமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்வது என்பது அதன் சாரம். கருத்து அதைவிடப் பழையது. ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், வெள்ளி உருக்கும் உலைகளுக்காகக் காடுகள் மொட்டையாவதைப் பார்த்து, வளர்கிற அளவுக்கு மட்டுமே மரம் வெட்ட வேண்டும் என்று 1713இலேயே எழுதினார். விதைநெல்லைக் குற்றித் தின்னாதே என்று நம்மவர்கள் சொல்வதும் இதே கணக்குதான்.

இன்னொரு சிக்கல் தமிழில் உண்டு. பொருளாதாரம் பெருப்பதையும் மக்கள் வாழ்க்கை உயர்வதையும் 'வளர்ச்சி' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். இரண்டாவதற்கு 'மேம்பாடு' என்ற நல்ல சொல் இருந்தும் அதை அரசாணைகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம். இந்தப் பாடத்தில் வரும் பாதி வாக்குவாதம் இந்தக் குழப்பத்தில் பிறப்பது.

ஐ.நா.வின் 17 வளங்குன்றா வளர்ச்சி இலக்குகள் சட்டமா?

இல்லை. 2015 செப்டம்பரில் உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட உறுதிமொழி. 17 இலக்குகள், அவற்றின் கீழ் 169 உட்குறிக்கோள்கள், கெடு 2030. தவறினால் தண்டனை கிடையாது. மதிப்பிட முடிந்த உட்குறிக்கோள்களில் 17 சதவீதம் மட்டுமே சரியான பாதையில் இருப்பதாக ஐ.நா.வின் 2024 அறிக்கையே ஒப்புக்கொண்டது. 169 என்பது அதிகம் என்பது என் எண்ணம். எல்லாமே முக்கியம் என்றால் எதை முதலில் எடுப்பது என்று யாரும் சொல்லவேண்டியதில்லை.

'வளர்ந்த நாடு', 'வளரும் நாடு' என்று பிரிப்பது யார்?

பொதுவான ஒரு பட்டியல் இல்லை. உலக வங்கி தனிநபர் வருமானத்தை வைத்து நாடுகளை நான்கு பிரிவாக்குகிறது. ஆண்டுதோறும் ஜூலையில் எல்லைகளை மாற்றி அமைக்கிறது. உலக வர்த்தக அமைப்பிலோ ஒரு நாடு தன்னைத்தானே 'வளரும் நாடு' என்று அறிவித்துக்கொள்ளலாம். 1980இல், மேற்கு ஜெர்மனியின் முன்னாள் பிரதமர் வில்லி பிராண்ட் தலைமையிலான குழுவின் அறிக்கையோடு புகழ்பெற்ற கோடு ஒன்று உண்டு. பணக்கார வடக்கையும் ஏழைத் தெற்கையும் பிரித்து, ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் வடக்கில் சேர்க்க வளைந்து இறங்கும் கோடு. தென் கொரியாவும் சிங்கப்பூரும் அதில் தெற்கில் இருந்தன. இன்று அந்த வரைபடத்தை வரலாற்றுப் பாடத்துக்குத்தான் பயன்படுத்தலாம்.

மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறினால் போதாதா?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எதை அளக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு காட்டை வெட்டி விற்றால் விற்ற பணம் உற்பத்தியில் வரவாக ஏறும்; காடு போனது செலவாக எங்கும் பதிவாகாது. ஒரு ஆறு கெட்டு, அதைச் சுத்தப்படுத்தச் செலவழித்தால் அதுவும் வரவு.

இந்தக் குறையைப் பார்த்துத்தான் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூபுல் ஹக், அமர்த்தியா சென்னின் துணையோடு மனித மேம்பாட்டுக் குறியீட்டை உருவாக்கினார். 1990இல் வெளிவந்த அது ஆயுட்காலம், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து 0 முதல் 1 வரை மதிப்பிடுகிறது. அதிலும் பூமிக்கு ஆகும் செலவு இல்லை. 2020இல் கார்பன் உமிழ்வையும் மூலப்பொருள் நுகர்வையும் கழித்துப் பார்த்தார்கள். முதலிடத்தில் இருந்த நார்வே 15 இடங்கள் சரிந்தது.

ஒரு கடலே வற்றிப்போனது உண்மையா?

உண்மை. பெயர்தான் ஆரல் கடல். கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவே இருந்த ஏரி அது. 1960இல் சுமார் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, உலகின் நான்காவது பெரிய ஏரி. அமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகள் அதற்கு நீர் கொண்டுவந்தன. பாலைவனத்தில் பருத்தி விளைவிக்க சோவியத் அரசு அந்த நீரைக் கால்வாய்களில் திருப்பியது. சிமென்ட் பூச்சு இல்லாத கால்வாய்கள், எடுத்த தண்ணீரில் ஒரு பெரும் பங்கு மணலில் கசிந்தும் வெயிலில் ஆவியாகியும் போனது.

உஸ்பெகிஸ்தானின் மொய்னாக் ஒரு காலத்தில் துறைமுகம். இன்று அங்கே துருப்பிடித்த மீன்பிடிக் கப்பல்கள் மணலில் சாய்ந்து கிடக்கின்றன; நீர்விளிம்பு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டது. என் மனத்தில் தங்கியது கப்பல்களைவிட அந்த ஊரின் மீன் பதப்படுத்தும் ஆலைதான். ஏரியில் மீன் அற்றுப்போன பிறகும், தொழிலாளர்களுக்கு வேலை கொடுப்பதற்காக, தொலைதூரக் கடல்களின் மீனை உறையவைத்துக் கொண்டுவந்து அங்கே டப்பாக்களில் அடைத்தார்கள். அடியில் மண் போனபின்னும் கூரைக்கு முட்டுக்கொடுப்பது என்றால் இதுதான்.

திட்டமிட்டவர்களுக்குத் தெரியாமல் இது நடக்கவில்லை. ஏரி சுருங்கும் என்று தெரிந்தே, மீனைவிடப் பருத்தியின் மதிப்பு அதிகம் என்று கணக்கு எழுதினார்கள். பருத்தி வருமானம் தொலைவில் இருந்த தலைநகரின் கணக்குப் பக்கத்தில் வரவாக ஏறியது. உப்பும் பூச்சிமருந்தும் கலந்த தூசியைச் சுவாசித்தவர்கள் கரையோரத்து மக்கள். அவர்களுக்குக் கணக்கில் பக்கமே ஒதுக்கப்படவில்லை. இந்தப் பாடத்தில் எந்த நாட்டைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்தப் பக்கத்தைத்தான்.

பாதிக் கதைக்கு நல்ல முடிவும் உண்டு. 2005இல் கஜகஸ்தான், உலக வங்கிக் கடனுதவியோடு, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்தில் காக்-ஆரல் அணையைக் கட்டி ஏரியின் வடக்குத் துண்டைத் தனியாக்கியது. சிர் தாரியா நீர் அங்கே தேங்கியது, உவர்ப்பு குறைந்தது, நன்னீர் மீன்கள் திரும்பின, பிடிப்பவர்களும் திரும்பினார்கள். தெற்குத் துண்டுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அதன் கிழக்குப் பகுதி 2014இல் முழுதாக வறண்டது.

கனிம வளம் நிறைந்த நாடு ஏன் ஏழையாகிறது?

எல்லா நாடுகளும் ஆவதில்லை. இரண்டு நாடுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

பசிபிக்கில் உள்ள நவ்ரு 21 சதுர கிலோமீட்டர்தான். கடற்பறவை எச்சத்தோடு தொடர்புபடுத்தப்படும் பாஸ்பேட் படிவு அதன் ஒரே செல்வம். 1968இல் விடுதலை பெற்றபின் சுரங்க வருமானம் கையில் வர, 1970களில் தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசைக்குப் போனது. பணத்தைச் சேமிக்க அறக்கட்டளையும் வைத்தார்கள். ஆனால் முதலீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்தன. 1993இல் லண்டனில் ஓர் இசை நாடகத்துக்குக்கூடப் பணம் போட்டார்கள். அது சில வாரங்களில் படுத்துவிட்டது. பாஸ்பேட் தீர்ந்தபோது தீவின் நடுமேடு வெறும் சுண்ணாம்புக்கல் முட்களாக நின்றது. 2001 முதல் ஆஸ்திரேலியா திருப்பி அனுப்பிய அகதிகளைத் தங்கவைப்பது முக்கிய வருமானங்களில் ஒன்றாயிற்று.

நார்வே 1969இல் வடகடலில் எண்ணெய் கண்டது. அந்த வருமானத்தைச் சேமிக்கும் நிதியத்துக்கு 1990இல் சட்டம், 1996இல் முதல் வரவு. 2001இல் ஒரு விதி வைத்தார்கள்: விலைவாசி ஏற்றம் போக நிதியம் ஈட்டும் என்று எதிர்பார்க்கும் 4 சதவீத வருவாயை ஒட்டியே அரசு எடுக்க வேண்டும். பிறகு அதையும் 3 ஆகக் குறைத்தார்கள். வட்டியைத் தின்னலாம், முதலைத் தொடாதே. நிதியத்தின் மதிப்பு இன்று ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது.

நார்வேக்காரர்கள் இயல்பிலேயே சிக்கனக்காரர்கள் என்று இதை முடித்துவிட முடியாது. எண்ணெய் வருவதற்கு முன்பே அங்கே வலுவான நாடாளுமன்றமும் வரித்துறையும் கணக்கு கேட்கும் பத்திரிகைகளும் இருந்தன. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: அந்த எண்ணெய் வேறெங்கோ எரிந்து வானத்தில்தான் சேர்கிறது. தன் முதலைக் காத்த நாடு எல்லோருடைய முதலையும் காத்தது என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் மக்கள்தொகைப் பெருக்கம்தானே காரணம்?

இதைக் கேட்காத கூட்டமே இல்லை. உலக மக்கள்தொகை 2022 நவம்பர் 15ஆம் தேதி 800 கோடியை எட்டியதாக ஐ.நா. குறித்தது. 2024 மதிப்பீட்டின்படி 2080களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும். தென் கொரியாவில் 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை. நைஜரில் ஆறுக்கும் மேல்.

ஆனால் நைஜரில் ஒருவரின் ஆண்டுக் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு ஏறத்தாழ 0.1 டன், அமெரிக்காவில் ஒருவருக்குச் சுமார் 14 டன். தலைகளை மட்டும் எண்ணினால் பழி ஏழை நாட்டின் மேல் விழும். புகையை எண்ணினால் திசை மாறும். நிலம், நீர், பள்ளிக்கூடம் என்று உள்ளூரில் பார்த்தால் நைஜருக்கு மக்கள் பெருக்கம் உண்மையான சுமைதான், அதை மறுக்கவில்லை. அதைக் குறைத்த நாடுகளின் வழியும் தெரியும். வங்கதேசத்தில் 1970களின் தொடக்கத்தில் ஏழுக்கு அருகில் இருந்த பிள்ளைப்பேறு இன்று இரண்டை ஒட்டி இருக்கிறது. பெண் குழந்தைகளின் படிப்பும், வீடு தேடிவந்த குடும்பநலப் பெண் ஊழியர்களும், குழந்தை இறப்பு குறைந்ததும் அதற்குக் காரணங்கள்.

பாலைவனம் பரவுவதைத் தடுக்க மரம் நட்டால் போதுமா?

நடுவது எளிது, பிழைக்கவைப்பது கடினம். சகாராவின் தெற்கு ஓரத்தில் சுமார் 8,000 கிலோமீட்டருக்குப் பசுஞ்சுவர் எழுப்பும் திட்டத்தை ஆப்பிரிக்க ஒன்றியம் 2007இல் தொடங்கியது. வரிசையாக நட்ட கன்றுகள் பல இடங்களில் காய்ந்தன. பராமரிக்க ஆளில்லாத இடத்தில் நட்ட மரம் யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு 'சுவர்' என்ற எண்ணத்தை விட்டு, அந்தந்த ஊரின் நிலத்தைத் தேற்றும் வேலைகளின் தொகுப்பாகத் திட்டத்தை மாற்றிக்கொண்டார்கள்.

அந்த மாற்றத்துக்குப் பாடம் சொன்னவர்கள் விவசாயிகள். புர்கினா ஃபாசோவில் கொடும் வறட்சிக்குப் பின், 1980 வாக்கில், யாகுபா சவடோகோ என்ற விவசாயி 'சாய்' என்ற பழைய குழிமுறையைத் திருத்தி எடுத்தார். ஓடுபோல இறுகிய தரையில் மழைநீர் இறங்காமல் ஓடிவிடும். அதில் வறண்ட பருவத்திலேயே, இரண்டு கை அகலத்தில் குழிகள் தோண்டி, உள்ளே எருவும் இலைதழையும் போட்டார். எருவைத் தேடிக் கரையான் வரும். கரையான் தரையைத் துளைத்துக் குடையும். முதல் மழையில் தண்ணீர் அந்தத் துளைகளின் வழியே இறங்கித் தங்கும். கம்பும் சோளமும் அந்த ஈரத்தில் முளைக்கும். எருவோடு வந்த மர விதைகளும் முளைத்தன. அவற்றைப் பிடுங்காமல் விட்டார். அக்கம்பக்கத்தார் பைத்தியம் என்றார்கள். 2018இல் 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் 'சரியான வாழ்வாதார விருது' (Right Livelihood) அவருக்குக் கிடைத்தது, 2023இல் காலமானார். நாம் பூச்சி என்று மருந்தடிக்கிற கரையானை அவர் கூலியில்லாத ஆளாக வைத்துக்கொண்டார்.

பக்கத்து நைஜரில் நாற்றே நடாமல் மரங்கள் திரும்பின. வெட்டிய மரத்தின் வேர் மண்ணுக்குள் உயிரோடிருக்கும். துளிர்க்கும் தண்டுகளில் நல்லதை விட்டு மற்றதைக் கழித்தால் சில ஆண்டுகளில் மரம். 1980களில் தொடங்கிய இந்த முறை சுமார் 50 லட்சம் ஹெக்டேருக்குப் பரவியது. சட்டத்தில் மரம் அரசுக்குச் சொந்தம் என்றிருந்தவரை விவசாயிக்குத் தன் வயலின் துளிர் ஒரு தொல்லை. அந்தக் கெடுபிடி தளர்ந்து, மரம் தனக்கு என்றானதும்தான் காவல் கிடைத்தது.

பொதுச்சொத்து என்றாலே பாழாகித்தான் தீருமா?

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலைப் பார்த்தால் அப்படித் தோன்றும். சுமார் 500 ஆண்டுகள் காட் மீன் கொடுத்த கடல் அது. பெரிய விசைக்கப்பல்கள் வந்தபின் 1968இல் மட்டும் சுமார் 8 லட்சம் டன் வாரினார்கள். 1992இல் மீன்பிடிக்கே தடை. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். தற்காலிகம் என்று சொன்ன தடை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்து, 2024இல்தான் 18,000 டன் என்ற சிறிய அளவோடு வணிகப் பிடிப்புக்குத் திறந்தார்கள்.

ஆனால் ஸ்விட்சர்லாந்தின் டோர்பெல் மலைக்கிராமம் தன் பொது மேய்ச்சல் நிலத்தை நூற்றாண்டுகளாகக் கெடாமல் வைத்திருக்கிறது. 1517ஆம் ஆண்டு விதி ஒன்று: குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்குச் சொந்த வைக்கோல் போட்டுக் காப்பாற்ற முடியுமோ, அத்தனையைத்தான் கோடையில் பொதுமேய்ச்சலுக்கு ஓட்டலாம். வேலியும் வேண்டாம், பெரிய அதிகாரியும் வேண்டாம். ஒருவன் கொட்டிலில் எத்தனை மாடு என்று ஊருக்கே தெரியும். இப்படிப்பட்ட ஊர்களை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளியல் நோபல் கிடைத்தது.

நகரங்கள் மூழ்குவது கடல் ஏறுவதாலா?

ஓரளவு. ஜகார்த்தாவில் கடல் ஏறுவதைவிடத் தரை வேகமாக இறங்குகிறது. குழாய்நீர் போதாமல் நிலத்தடி நீரை உறிஞ்சியதே முக்கியக் காரணம். இந்தோனேசியா போர்னியோ தீவில் நுசந்தாரா என்ற புதுத் தலைநகரைக் கட்டத் தொடங்கிவிட்டது. டோக்கியோவின் தாழ்ந்த பகுதிகளும் இருபதாம் நூற்றாண்டில் சில மீட்டர் இறங்கியவைதான். உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்தியதும் 1970களில் இறக்கம் பெருமளவு அடங்கியது.

மின் காரும் சூரிய மின்சாரமும் வந்தால் சிக்கல் தீருமா?

புகை குறையும், தோண்டுவது நிற்காது. பாட்டரிகளுக்குக் கோபால்ட், லித்தியம், நிக்கல் போன்ற உலோகங்கள் வேண்டும். உலகக் கோபால்ட்டில் சுமார் 70 சதவீதம் காங்கோ ஜனநாயகக் குடியரசில் எடுக்கப்படுகிறது. அதில் ஒரு பகுதி வெறுங்கையால், குழந்தைகளும் இறங்கும் குழிகளில். சிலியின் அட்டகாமாவில், துருவப் பகுதிகளை விட்டால் உலகிலேயே மிக வறண்ட நிலத்தில், உவர்நீரை மேலே இறைத்து வெயிலில் ஆவியாக்கி லித்தியம் எடுக்கிறார்கள். இந்தோனேசியா 2020இல் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடுத்து, உருக்காலைகளைத் தன் மண்ணுக்கே வரவைத்தது. தொழில் வளர்ந்தது, சரி. அந்த உலைகள் பலவும் நிலக்கரி மின்சாரத்தில் ஓடுகின்றன.

இதை வைத்து 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. உலகம் ஆண்டுக்கு 800 கோடி டன்னுக்கும் மேல் நிலக்கரி தோண்டுகிறது. எரித்தால் சாம்பல்தான் மிச்சம். பாட்டரிக்குள் போன உலோகத்தைத் திரும்ப எடுக்கலாம்.

பருவநிலை மாற்றத்துக்கு யார் பணம் கொடுக்க வேண்டும்?

இன்று அதிகம் உமிழ்வது சீனா, உலக மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. தொழிற்புரட்சி முதல் கூட்டிப்பார்த்தால் அமெரிக்காவின் பங்கு கால்வாசி அளவு. ஆப்பிரிக்கக் கண்டம் முழுதுக்கும் ஆண்டு உமிழ்வில் 4 சதவீதம் அளவே. 1992இல் கையெழுத்தான ஐ.நா. உடன்படிக்கை இதற்காகவே 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்' என்று எழுதிவைத்தது. ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று பணக்கார நாடுகள் 2009இல் சொன்ன வாக்கு, 2020 கெடுவைத் தாண்டி 2022இல்தான் நிறைவேறியதாகக் கணக்கு வந்தது. அதிலும் பெரும்பகுதி கடன். வெள்ளத்தில் வீடிழந்தவனுக்கு உதவி என்ற பெயரில் வட்டிக்குக் கொடுப்பது எந்த வகை உதவி என்பதைப் பெறுகிறவர்கள் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள்.

உலகம் சேர்ந்து சாதித்தது எதுவுமே இல்லையா?

உண்டு. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையில் எல்லா நாடுகளும் சேர்ந்தன. அண்டார்டிகாவுக்கு மேலே உள்ள ஓசோன் படலம் 2066 வாக்கில் 1980இன் நிலைக்குத் திரும்பும் என்பது அறிவியலாளர்கள் கணிப்பு. ஓசோனைக் கெடுத்த ரசாயனங்களுக்கு மாற்று கையில் இருந்ததும், ஏழை நாடுகளுக்குத் தனி நிதி வைத்ததும் பெரிய உதவி.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வங்கதேசம். 1970 போலா புயலில் அங்கே குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 2020இல் ஆம்பன் புயலுக்கு முன் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பிடங்களுக்குப் போனார்கள். நாட்டில் இறந்தவர்கள் சில பத்துப் பேர். கடல் மாறவில்லை. கான்கிரீட் தங்குமிடங்களும், ஒலிபெருக்கியோடு ஊர் ஊராகப் போகும் தன்னார்வலர்களும் நடுவே வந்தார்கள். மேம்பாடு என்ற சொல்லுக்கு இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன்.

நிலமே மூழ்கினால் நாடு இருக்குமா?

துவாலு இதற்கு இப்போதே பதில் எழுதிக்கொண்டிருக்கிறது. சுமார் 11,000 மக்கள், பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரமே உள்ள தீவுகள். 2023இல் ஆஸ்திரேலியாவோடு செய்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் வரை அங்கே குடியேறலாம். 2025இல் முதல் குலுக்கலுக்கே குடும்பத்தினரையும் சேர்த்து மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். அதே 2023இல் துவாலு தன் அரசியல் சாசனத்தையும் திருத்தியது: தரைப்பரப்பு போனாலும் துவாலு என்ற அரசு என்றும் நீடிக்கும், அதன் கடல் எல்லைகளும் மாறா. மற்ற நாடுகள் எல்லாம் அதை எவ்வளவு தூரம் ஏற்கும் என்பது இன்னும் முடிவாகாத வழக்கு.